ஆறு வைத்தால் ஐந்து

எங்கள் வீட்டில் யாரும் பணம் வைத்துச் சூதாடுவதில்லை. பாத்திரம் தேய்ப்பதை வைத்துத்தான் ஆடுகிறோம்.

நியூ ஜெர்சியில் குடியிருக்கும் ஒருவன் இப்படிச் சொன்னால் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். விளையாட்டுப் பந்தயத்துக்காக உச்ச நீதிமன்றம் வரை படியேறி, ஜெயித்துவிட்டு வந்த மாநிலம் இது. நெவாடா முதலான விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களைத் தவிர வேறெங்கும் விளையாட்டுப் பந்தயத்துக்கு மாநிலங்கள் அனுமதி தரக்கூடாது என்று 1992-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டிருந்தது. அது செல்லாது என்று 2018 மே 14 அன்று தீர்ப்பு வந்தது. சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூன் 14 அன்று, அப்போதைய கவர்னர் ஃபில் மர்ஃபி மான்மவுத் பார்க் குதிரைப் பந்தய மைதானத்துக்கு நேரில் வந்து இரண்டு பந்தயம் கட்டினார். கால்பந்து உலகக் கோப்பை ஜெர்மனிக்கு என்று 20 டாலர்; ஐஸ் ஹாக்கியில் ஸ்டான்லி கோப்பை சொந்த மாநிலத்து டெவில்ஸ் அணிக்கு என்று 20 டாலர். ஜெர்மனி தென் கொரியாவிடம் 2-0 என்று உதை வாங்கி முதல் சுற்றோடு ஊர் திரும்பியது. டெவில்ஸ் அடுத்த பருவத்தில் பிளே-ஆஃப் வாசலைக்கூட மிதிக்கவில்லை.

திறந்து வைத்த கவர்னருக்கே இந்தக் கதி என்றால் வரிசையில் கடைசியில் நிற்கும் தன் வீட்டுக்காரருக்கு என்ன ஆகும் என்று என் மனைவி அப்போதே கணக்குப் போட்டுவிட்டாள். அவள் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். ஊரார் கணக்கைப் பார்ப்பது அவளுக்கு உத்தியோகம். என் கணக்கைப் பார்ப்பது பொழுதுபோக்கு.

"ஆசையா இருந்தா பந்தயம் கட்டிக்கோங்க. ஆனா ஒரு டாலர் இந்த வாசப்படியைத் தாண்டக் கூடாது" என்றாள்.

டாலர் தாண்டாமல் பந்தயம் எப்படிக் கட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே பல காலம் என் பந்தய ஆர்வம் வாயோடு நின்றது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் 1 மணிக்கு அமெரிக்கக் கால்பந்து தொடங்கும். நான் சோபாவில் அமர்ந்து, "இன்னைக்கு இவங்கதான்" என்பேன். என் ஆட்ட ஞானத்தையும் சொல்லிவிடுகிறேன். நடுவர் மஞ்சள் துணியை வீசினால் அது எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்காது. என் பையன் முகத்தைப் பார்ப்பேன். அவன் உச்சுக் கொட்டினால் நானும் உச்சுக் கொட்டுவேன். எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ஜயண்ட்ஸ், ஜெட்ஸ் என்ற இரண்டு அணிகளும் நியூயார்க் என்று பெயர் வைத்துக்கொண்டு நியூ ஜெர்சியின் ஈஸ்ட் ரதர்ஃபோர்டில் ஆடுகின்றன. பெயர் அவர்களுக்கு, டிராஃபிக் எங்களுக்கு. அந்த எரிச்சலைத் தவிர எனக்கு எந்த அணி மீதும் தனிப்பட்ட அபிப்பிராயம் கிடையாது. பந்தயம் கட்ட இதைவிட என்ன தகுதி வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கும்பகோணத்திலிருந்து மாமனாரும் மாமியாரும் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போக வந்தார்கள். மாமியார் சமையலறையைக் கைப்பற்றினார். மாமனார் டிவிக்கு எதிரே இருந்த என் நாற்காலியைக் கைப்பற்றினார். அவர் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்தில் முதல் கேள்வி வந்தது.

"ஏன் மாப்பிள்ளை, இந்த நீலச் சட்டைக்காரன்தான் ஜெயிப்பான்னு டிவிக்காரனே சொல்றான். அப்புறம் எந்த மடையன் எதிர்ப்பக்கம் பணம் கட்டுவான்?"

"அதுக்குத்தான் மாமா ஸ்ப்ரெட்னு ஒண்ணு இருக்கு" என்று ஆரம்பித்தேன். மாமனாருக்குப் பாடம் நடத்தும் பாக்கியம் எல்லா மாப்பிள்ளைக்கும் வாய்க்காது.

பலமான அணிக்கு மைனஸ் 8 என்று போட்டிருந்தால் அது 8 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். எதிர் அணிக்கு பிளஸ் 8; அது 7 புள்ளி வரை தோற்றாலும் அதன் மேல் கட்டியவனுக்கு ஜெயம். சரியாக 8 என்று முடிந்தால் போட்ட பணம் திரும்பி வரும். அந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் சில நேரம் ஏழரை, எட்டரை என்று அரைப் புள்ளி வைக்கிறார்கள். 1940-களில் சிகாகோவில் இந்த முறையைக் கொண்டுவந்தவர் என்று சார்ல்ஸ் மெக்நீல் என்பவரைச் சொல்வது வழக்கம். அவரும் கணக்கு வாத்தியாராக இருந்தவர்தான்.

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதானே பார்த்தேன். கணக்குத் தெரிஞ்சவன் வேலை."

விலையையும் சொன்னேன். இந்தப் பந்தயத்தின் வழக்கமான விலை மைனஸ் 110. அதாவது 110 வைத்தால், ஜெயிக்கும்போது 100 கிடைக்கும். சுருக்கமாக, பதினொன்று வைத்தால் பத்து.

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. "தோத்தா பதினொண்ணு, ஜெயிச்சா பத்தா? அந்த ஒண்ணு எங்க போகுது?" என்று மனைவியின் குரல் வந்தது.

"பந்தயக் கடைக்காரருக்கு, அதாவது புக்கிக்கு" என்றேன்.

"அவருக்கு ஆட்டம் தெரியணுமா?"

"அவசியமில்லை. ரெண்டு பக்கமும் ஏறக்குறைய சமமா ஆள் கட்டினாப் போதும். யார் ஜெயிச்சாலும் அவருக்கு அந்த ஒண்ணு நிக்கும்."

"அப்ப இந்த வீட்டுக்கு நான்தான் புக்கி" என்றாள்.

இப்படித்தான் எங்கள் வீட்டுப் பந்தயக் கடை திறக்கப்பட்டது. கவர்னர் வரவில்லை. நாணயம்தான் பிரச்சினையாக இருந்தது, டாலர் கூடாதே. அதற்கும் அவளே வழி சொன்னாள். எங்கள் வீட்டில் டிஷ்வாஷர் உண்டு. இங்குள்ள பல தமிழ் வீடுகளில் அது எதற்குப் பயன்படுமோ அதற்குத்தான் எங்களுக்கும் பயன்படுகிறது. கையால் தேய்த்த பாத்திரங்களை நீர் வடிய அடுக்கி வைப்போம். தேய்ப்பது ஒருநாள் அவள், ஒருநாள் நான். பந்தயத்தில் நான் ஜெயித்தால் என் முறை பத்து அவளுக்குப் போகும். தோற்றால் அவள் முறை பதினொன்று எனக்கு வரும். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி, நடுவில் கோடு கிழித்து, வரவு செலவு என்று எழுதினாள். மாமியார் வந்த பிறகு ஒரு வேளை சாப்பாட்டுக்கு எத்தனை பாத்திரம் விழும் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. ரசத்துக்கு ஈயச் சொம்பு தனி, பாலுக்குத் தனி, தாளிக்க ஒரு குட்டிக் கரண்டி தனி.

பந்தயங்களில் பாதி ஜெயித்தேன், பாதி தோற்றேன். உலகத்தில் பெரும்பாலானவர்களுக்கும் அப்படித்தான் அமையும். ஆனால் ஃப்ரிட்ஜ் தாளில் என் கடன் மட்டும் ஏறிக்கொண்டே போனது. காரணத்தை மாமனார் ஒரே வகுத்தலில் சொன்னார். பதினொன்றை இருபத்தொன்றால் வகுத்தால் 52.4 சதவீதம். நூற்றுக்கு 52.4 தடவை ஜெயித்தால்தான் முதலுக்கு மோசமில்லை. "பாதிக்குப் பாதி சரியாச் சொல்றவன் இந்தக் கணக்கில நஷ்டப்படுறவன் மாப்பிள்ளை."

அந்த நேரத்தில்தான் ஆபீஸ் நண்பர் ஒருவர் டீசர் என்ற சமாச்சாரத்தைக் காதில் போட்டார். சினிமாவுக்கு விடுகிறார்களே, அது இல்லை. இதில் புக்கி ஸ்ப்ரெட்டை உங்களுக்குச் சாதகமாக 6 புள்ளி நகர்த்தித் தருவார். 8 புள்ளிக்கு மேல் ஜெயிக்க வேண்டிய அணி 2 புள்ளிக்கு மேல் ஜெயித்தால் போதும். பிளஸ் 2 வைத்திருந்த அணிக்கு பிளஸ் 8 ஆகிவிடும். ஏழு புள்ளி தோற்றாலும் உங்களுக்கு ஜெயம். கேட்டபோது, அமெரிக்காவில் இப்படியும் தர்மப் பிரபுக்கள் இருக்கிறார்களா என்று கண் கலங்கியது.

ஒரே ஒரு நிபந்தனை. ஓர் ஆட்டத்துக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. குறைந்தது இரண்டைச் சேர்க்க வேண்டும். இரண்டும் பலிக்க வேண்டும். ஒன்று பலித்து ஒன்று கவிழ்ந்தால் மொத்தமும் கவிழ்ந்தது. தி.நகரில் ஆடி மாதம் 'இரண்டு எடுத்தால் தள்ளுபடி' என்று போர்டு மாட்டுகிறார்களே, அந்த உத்திதான். நம்மை இரண்டாவது புடவையை எடுக்க வைப்பதில்தான் கடைக்காரரின் வருமானம் இருக்கிறது.

டீசர் பற்றி மனைவிக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்ற தைரியத்தில் சமையலறைக்குப் போனேன்.

"ஆறு புள்ளி கூடத் தர முடியுமா?"

"எத்தனை ஆட்டம்?"

"ரெண்டு."

"ரெண்டும் நடக்கணுமா, ஒண்ணு நடந்தாப் போதுமா?"

"ரெண்டும்."

ரசத்தில் பெருங்காயத்தைப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "ஆறு ராத்திரி வெச்சா அஞ்சு."

ஆறுக்கு ஐந்து என்றால் மைனஸ் 120. இரண்டு அணி, 6 புள்ளி டீசருக்குத் தொழில்முறைக் கடைகள் பலவற்றில் இருக்கும் விலை அதேதான். வருஷக்கணக்காக அடிபட்டு அவர்கள் வந்து சேர்ந்த இடத்துக்கு இவள் ஒரு கொதி வருவதற்குள் வந்துவிட்டாள். எனக்கு அது உறைக்கவில்லை. பதினொன்றுக்குப் பத்து என்பதைவிட ஆறுக்கு ஐந்து சின்ன எண்ணாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை விவரமாகச் சொல்ல வேண்டும். முதல் ஆட்டத்தில் என் அணி மைனஸ் 8-இலிருந்து மைனஸ் 2-க்கு இறங்கியிருந்தது. 3 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. பழைய பந்தயமாக இருந்தால் தோல்வி, டீசர் காப்பாற்றியது. கூடத்தில் ஒரு சுற்று நடந்து காட்டினேன். இரண்டாவது ஆட்டத்தில் என் அணிக்கு பிளஸ் 8. கடைசி நிமிடங்கள் ஓடும்போது 7 புள்ளி பின்தங்கியிருந்தது. அப்படியே முடிந்தால் ஐந்து ராத்திரி விடுதலை. அதற்குள் பழைய கடனுக்கான தேய்ப்பு நேரம் வந்துவிட்டதால், போனை விம் பாட்டிலில் சாய்த்து வைத்துக்கொண்டு ஸிங்க் முன்னால் நின்றேன். கையில் இட்லித் தட்டு. காலையில் வெந்த இட்லி. மாவு காய்ந்து குழியோரங்களில் ஓடு மாதிரி ஒட்டியிருந்தது. இட்லித் தட்டை அவசரப்பட்டுத் தேய்க்க முடியாது. ஊறவிட்டு, குழி குழியாகச் சுரண்டி, அடியில் இருக்கும் துளைகளை ஒவ்வொன்றாகக் குச்சியால் குத்தி எடுக்க வேண்டும். நான் இரண்டாவது தட்டின் மூன்றாவது குழியில் இருந்தபோது எதிரணி ஃபீல்டு கோல் அடிக்க ஆளை அனுப்பியது. ஏற்கெனவே ஜெயித்துக்கொண்டிருப்பவர்கள் எதற்கு மெனக்கெட வேண்டும்? பந்து இரண்டு கம்பத்துக்கும் நடுவே போனது. 3 புள்ளி. 7 என்பது 10 ஆனது. பிளஸ் 8 போதவில்லை.

ஒரு பந்தயம் முழுசாக ஜெயித்து, ஒன்று இரண்டு புள்ளியில் தவறி, மொத்தம் ஆறு ராத்திரி. "ஒண்ணு ஜெயிச்சேனே, அதுக்கு ஒண்ணும் கிடையாதா?" என்று கேட்டேன். ஃப்ரிட்ஜ் தாளில் எழுதிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் மாமனார் மளிகைக் கடை காலண்டரின் பழைய தாளைத் திருப்பிப் போட்டு எனக்கு வகுப்பெடுத்தார். "ஆறுக்கு அஞ்சுன்னா ஆறை பதினொண்ணால வகு. 54.5. இந்தப் பரீட்சையில பாஸ் மார்க் அது. உம்ம ரெண்டு ஆட்டமும் தனித்தனியா எழுபது எழுபது மார்க் வாங்குதுன்னு வெச்சுப்போம். ரெண்டும் சேர்ந்து நடக்கணும்னா கூட்டக் கூடாது, பெருக்கணும். 0.7 பெருக்கல் 0.7 என்ன?"

"0.49" என்றேன்.

"பெயில்" என்றார்.

54.5 சதவீதத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால் 73.9 சதவீதம். ஒவ்வொரு ஆட்டமும் நூற்றுக்கு ஏறக்குறைய 74 தடவை பலித்தால்தான் மைனஸ் 120 டீசரில் நஷ்டம் வராது. எண்ணைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த அணிக்கு 6 புள்ளி கூட்டிக் கொடுத்தால் பலிக்கும் வாய்ப்பு 70-ஐ ஒட்டித்தான் வருகிறது. எழுபது என்பது பார்க்க முதல் வகுப்பு மாதிரி இருக்கும். இரண்டு எழுபதைப் பெருக்கியதும் சாயம் வெளுத்துவிடும். விலை மைனஸ் 110-ஆக இருந்தால் 72.4 போதும்; மைனஸ் 130 என்றால் 75.2 வேண்டும். பத்து டாலர் விலை ஏறினால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒன்று, ஒன்றரை மார்க் கூடக் கேட்கிறார்கள். டீசர் விளையாட்டு முழுக்க 70-க்கும் 75-க்கும் நடுவே உள்ள அந்த ஐந்து மார்க்கில்தான் நடக்கிறது.

"அப்ப இதுல ஜெயிக்கவே முடியாதா தாத்தா?" என்று பையன் கேட்டான்.

"எந்த ஆறு புள்ளின்னு பார்க்கணும்" என்றார் அவர். ஆட்டத்தின் விதியை என்னிடம் கேட்டுவிட்டு, நான் சொன்னதை நம்பாமல் பேரனிடம் மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டார். டச்டவுனுக்கு 6, அதன் பின் உதைக்கும் உதைக்கு 1, ஆக 7. ஃபீல்டு கோலுக்கு 3. புள்ளிகள் மூன்றும் ஏழுமாகச் சேருவதால் வெற்றி வித்தியாசமும் அந்த எண்களிலேயே அதிகமாக வந்து நிற்கும். தேசிய லீக் ஆட்டங்களில் நூற்றுக்குப் பதினைந்து வாக்கில் சரியாக 3 புள்ளி வித்தியாசத்தில் முடிகின்றன. ஒன்பது வாக்கில் 7-இல். 2015-இல் அந்த ஒற்றைப் புள்ளி உதையைப் பின்னுக்குத் தள்ளி வைத்ததில் உதைகள் கூடுதலாகத் தவறத் தொடங்கின. இருந்தும் மூன்றும் ஏழும் தங்கள் நாற்காலியை விட்டு எழவில்லை.

ஆகவே 6 புள்ளி நகரும்போது அது 3, 7 என்ற இரண்டு எண்ணையும் தாண்ட வேண்டும். மைனஸ் 8 என்பது மைனஸ் 2 ஆனால் இரண்டையும் தாண்டுகிறது. பிளஸ் 2 என்பது பிளஸ் 8 ஆனாலும் அப்படியே. மைனஸ் 3 என்பதை பிளஸ் 3 ஆக்கினால் நடுவில் இருப்பது பூஜ்யமும் அதன் அக்கம்பக்கமும். சமநிலையில் முடியும் ஆட்டம் அபூர்வம். யாரும் வந்து நிற்காத இடத்துக்கு விலை கொடுத்துவிட்டு வருகிறோம்.

மாமனார் காலண்டர் தாளில் கண்டுபிடித்த இதை ஏற்கெனவே புத்தகமாகப் போட்டவர் ஸ்டான்ஃபோர்ட் வாங். பெயரைப் பார்த்துச் சீனர் என்று நினைக்க வேண்டாம். ஜான் ஃபெர்குசன் என்ற அமெரிக்கரின் புனைபெயர் அது. முதலில் பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில் பெயரெடுத்தவர். 2001-இல் வந்த விளையாட்டுப் பந்தய நூலில், ஏழரை முதல் எட்டரை வரை மைனஸ் உள்ள அணியையும், ஒன்றரை முதல் இரண்டரை வரை பிளஸ் உள்ள அணியையும் மட்டும் பொறுக்கி 6 புள்ளி டீசரில் சேர்க்கலாம் என்று எழுதினார். அந்த வகைக்கு இன்றும் 'வாங் டீசர்' என்றே பெயர். புத்தகம் வாடிக்கையாளர்களுக்காக எழுதப்பட்டது. புக்கிகளும் படித்தார்கள். மைனஸ் 110-இல் இருந்த விலை மைனஸ் 120 ஆனது. சில கடைகளில் 130-க்கும் போனது. புள்ளியில் கை வைக்கவே இல்லை. ஆறு இன்றும் ஆறுதான்.

கணக்கு வாத்தியார் என்றால் பழைய வினாத்தாள்களைப் புரட்டாமல் இருப்பாரா? மூன்று ஆண்டு சூப்பர் பௌல் இறுதி ஆட்டங்களை எடுத்தார். 2023-இல் ஈகிள்ஸ் ஒன்றரை புள்ளி பலசாலி. சீஃப்ஸிடம் 38-35 என்று 3 புள்ளியில் தோற்றது. டீசரில் ஈகிள்ஸை எடுத்தவனுக்கு பிளஸ் நாலரை, அவன் தப்பித்தான். 2024-இல் சான் ஃபிரான்சிஸ்கோ சுமார் 2 புள்ளி பலசாலி. கூடுதல் நேரத்தில் 25-22 என்று அதே 3 புள்ளியில் தோற்றது. பிளஸ் 4 வைத்தவன் அங்கேயும் தப்பித்தான்.

"பார்த்தீங்களா மாமா, டீசர் கை கொடுக்குது!" என்றேன்.

"அடுத்த தாளைப் பாரும்."

2025-இல் சீஃப்ஸ் ஒன்றரை புள்ளி அளவுக்குப் பலசாலி. ஈகிள்ஸ் 34-0 என்று போட்டுத் தள்ளிய பிறகுதான் அவர்களுக்கு முதல் புள்ளியே வந்தது. முடிவு 40-22. பிளஸ் நாலரையைக் கையில் வைத்துக்கொண்டு 18 புள்ளிப் பள்ளத்தை என்ன செய்வது? மாமனார் இன்னொன்றையும் காட்டினார். அந்த மூன்று ஆண்டும் ஜெயித்தது பலம் குறைந்தது என்று சொல்லப்பட்ட அணி. அதன் மேல் கட்டியவனுக்கு 6 புள்ளி தேவையே படவில்லை. தேவைப்படாத ஆறுக்கும் டீசரில் விலை உண்டு.

இதற்கிடையில் எங்கள் புக்கியும் ஒருமுறை அடி வாங்கினாள் என்பதை இங்கே மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறேன். ஓர் ஆட்டத்தில் பலமான அணிக்கு மைனஸ் மூன்றரை என்று வைத்திருந்தாள். மாமனார் பலமான பக்கம் கட்டினார். அதே பக்கம் நானும் போகப் பார்த்ததால் எண்ணை மைனஸ் நாலரைக்கு ஏற்றினாள். பையன் வந்து எதிர்ப்பக்கம் பிளஸ் நாலரை எடுத்தான். வித்தியாசம் சரியாக 4 என்று முடிந்தது. தாத்தா, பேரன் இருவருக்கும் ஜெயம். அவள் அன்று இரவு குக்கரைத் தேய்த்தபோது பக்கத்தில் நின்று ஆறுதல் சொன்னேன். இது 1979 ஜனவரி 21 அன்று லாஸ் வேகாஸுக்கே நடந்தது. ஸ்டீலர்ஸ், கௌபாய்ஸ் மோதிய சூப்பர் பௌலில் எண் மூன்றரையில் தொடங்கி நாலரை வரை ஏறியது. ஸ்டீலர்ஸ் 35-31 என்று 4 புள்ளியில் ஜெயித்தது. இரண்டு பக்கத்துக்கும் பணம் கொடுக்க வேண்டியிருந்த அந்த நாளைப் புக்கிகள் இன்றும் 'கறுப்பு ஞாயிறு' என்கிறார்கள். ஆறுதலைக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "இனிமே எண்ணை நகர்த்த மாட்டேன். விலையை மட்டும் நகர்த்துவேன்." தொழில் ரகசியம் அவ்வளவுதான்.

ஆறு போதவில்லை என்றால் பத்தாகக் கேட்போம் என்று எனக்குத் தோன்றியது இயல்பு. பத்துப் புள்ளி நகர்த்தித் தரும் டீசரும் இருக்கிறது. மூன்று ஆட்டம் சேர்க்க வேண்டும். விலை பல இடங்களில் அதே மைனஸ் 120. அதற்கு 'ஸ்வீட்ஹார்ட் டீசர்' என்று பெயர். மாமியார் சமையல் செய்துகொண்டிருக்கும் இடத்தில் போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை. "பத்துப் புள்ளி, மூணு ஆட்டம்" என்று மொட்டையாகக் கேட்டேன். "அதே ஆறுக்கு அஞ்சு. ஆனா சரிசமமா வந்தா தோல்வின்னு எழுதுவேன்" என்றாள். அதுவும் பல கடைகளில் உள்ள விதிதான். எங்கிருந்து இவளுக்குத் தெரிந்தது என்று புரியவில்லை. காலண்டர் தாள் மறுபடி வந்தது. மூன்று எண்பதைப் பெருக்கினால் 51.2. பாஸ் மார்க் 54.5. "மூணு பாடத்திலும் எண்பது வாங்கியும் பெயிலாகிற பரீட்சை இது ஒண்ணுதான் மாப்பிள்ளை" என்றார். ஒவ்வொன்றும் 81.7 வாங்க வேண்டும்.

பையன் தன் பங்குக்கு 'ப்ளீசர்' என்ற ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தான். டீசரைத் தலைகீழாக்கியது. 6 புள்ளியை நாம் புக்கிக்குத் தானம் செய்துவிட்டு, இரண்டு அணியும் அதையும் மீறி ஜெயித்தால் ஒன்றுக்கு ஆறு என்ற அளவில் வாங்கலாம். அதைக் கேட்டதும் எங்கள் புக்கியின் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. அந்த மலர்ச்சியைப் பார்த்தே அவன் பின்வாங்கிவிட்டான். சின்னப் பையன், என்னைவிட விவரமானவன். கூடைப்பந்துக்கும் டீசர் உண்டு. நான்கு, ஐந்து புள்ளி தருவார்கள். அங்கே அணிகள் பெரும்பாலும் நூறு புள்ளி தாண்டுவதால் வித்தியாசம் எந்த எண்ணிலும் கூட்டமாக நிற்பதில்லை. மூன்று, ஏழு போன்ற பிடிமானம் எதுவும் கிடையாது என்று சொல்லி மாமனார் அந்தத் தாளை எடுக்காமலே வகுப்பை முடித்தார்.

இப்போது எங்கள் கடையின் நிலவரம்: மாமனார் வாங் சொன்ன எண்கள் அமைந்தால் மட்டும் கட்டுகிறார், அமையாத ஞாயிறுகளில் காபி மட்டும் குடிக்கிறார். அவர் கணக்கில் வரவும் செலவும் கிட்டத்தட்ட சமம். நான் அணியின் சட்டை நிறம், மழை, நண்பரின் அறிவுரை ஆகியவற்றை ஆராய்ந்து ஒவ்வொரு வாரமும் கட்டுகிறேன். என் கைகள் மிருதுவாகிவிட்டன. எங்கள் புக்கி இதுவரை ஓர் ஆட்டத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. டச்டவுன் என்றால் என்ன என்று போன வாரம்தான் கேட்டாள், பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

எனக்குச் சேதாரம் பாத்திரத்தோடு நிற்கிறது. 2018 தீர்ப்புக்குப் பிறகு 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் கடை திறந்துவிட்டார்கள். இருபத்தொரு வயதானால் பெரும்பாலான இடங்களில் படுக்கையில் இருந்தபடியே போனில் நிஜ டாலரை வைக்கலாம். எங்கள் மாநிலத்தில் ஒவ்வொரு விளம்பரத்தின் அடியிலும் பொடி எழுத்தில் '1-800-கேம்ப்ளர்' என்று ஓர் உதவி எண் இருக்கும். விளம்பரத்தில் பயனுள்ள வரி அது ஒன்றுதான். அதை மட்டும் ஏன் பொடியாக அச்சிடுகிறார்கள் என்று யோசிப்பவர்களுக்கு மீதி விளம்பரம் தேவைப்படாது.

இங்கே இருக்கும் உறவினர், நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஆறு புள்ளி கூடத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், எந்த அணி என்று கேட்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை ஆட்டம் சேர்க்க வேண்டும்? தோற்றால் எவ்வளவு, ஜெயித்தால் எவ்வளவு? சரிசமமாக முடிந்தால் என்ன? பதில் கிடைத்ததும் பெருக்கிப் பாருங்கள். இரண்டு ஆட்டமும் தனித்தனியே நூற்றுக்கு 74 தடவை பலிக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால் மைனஸ் 120 டீசரைத் தொடாதீர்கள். சொல்ல முடியும் என்று தோன்றினால், கணக்கு வாத்தியார் ஒருவரிடம் காட்டிவிட்டுத் தொடுங்கள்.